கோடு விற்கிறவன் எழுதும் மடல்

தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பள்ளிபாளையத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கடையின் ஒரு பாதி ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், ஜெராக்ஸ். மறு பாதி அப்பா காலத்துப் பெட்டிக்கடை: பீடி, பாக்கு, கடலை மிட்டாய், ஷாம்பு பாக்கெட். இந்த இரண்டு பாதியிலும் சேராத ஒரு சரக்கையும் சில வருடங்களாக விற்று வருகிறேன். அதற்கு ரேக்கும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். பையன்கள் அதைக் ‘கோடு’ என்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களில் யாரும் இப்படிக் கோடு வாங்கியிருக்க மாட்டீர்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் ரொக்கமாகப் பணம் தருவான். “அண்ணா, எம்பது ரூவாய்க்கு ஒரு கோடு.” என் போனில் இருக்கும் பேமெண்ட் ஆப்பில் எண்பது ரூபாய்க்கு ரிடீம் கோடு எடுத்து, எழுத்தும் எண்ணுமாக நீளமாக வரும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அவன் கடை வாசலிலேயே நின்று அதை ஆப் ஸ்டோரில் போட்டு, அவன் ஆடும் கேமுக்குள் காசாகச் செல்லும் டைமண்டை வாங்கிவிடுவான். ஒரு கோடுக்கு மேலே ஐந்து ரூபாய் எனக்கு. ஆதார், ஓடிபி, யுபிஐ பின் நம்பர் என்று பணத்துக்கு எத்தனையோ பூட்டு போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் தாண்ட ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு என் மாதிரி கடைக்காரன் ஒருவன் போதும்.

போன பங்குனியில் ஒரு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், எனக்குப் பல வருடப் பழக்கம். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட எடுத்து வைத்திருந்த பணத்தில் 2,600 ரூபாய் குறைகிறது. சனிக்கிழமைக் கூலி வாங்கி டப்பாவில் போடுவார், அதிலிருந்து எண்பதும் நூறுமாகப் போயிருக்கிறது. என் போனில் கணக்கு எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரத்தில் 28 கோடு. அத்தனையும் அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தவைதான். இருபத்தெட்டுத் தடவை அவன் என் முன்னால் வந்து நின்றிருக்கிறான், ஒரு தடவைகூட ‘ஏது கண்ணு இந்தக் காசு’ என்று நான் கேட்கவில்லை.

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். “என்னத்தப்பா வித்தீங்க? அதக் காட்டச் சொல்லுங்க” என்றார். பையன் போனைத் திறந்து காட்டினான். தோளில் நெருப்பு எரிகிற மாதிரி பளபளவென்று ஒரு சட்டை போட்டுக்கொண்டு ஒரு பொம்மை நின்றது. அவர் போனைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தார். நாளெல்லாம் துணியைப் பார்க்கிற கண் அது.

“இந்தச் சட்டைக்கா?”

“ஆமாம்மா. சும்மா வர்ற டீஃபால்ட் சட்டைல போனா டீம்ல சேத்த மாட்டேங்குறாங்க.”

“சரி, இத திருப்பிக் குடுத்தா எவ்வளவு வரும்?”

“திருப்ப முடியாதும்மா.”

“யாருக்காச்சும் வித்தரலாமா?”

“விக்கவும் முடியாது.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 28 கோடுக்கு ஐந்து ஐந்தாக எனக்கு வந்த 140 ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அவர் கேட்ட அந்த இரண்டு கேள்வியில்தான் உங்கள் சட்டமும் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பிறகு படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது.

2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களின் குடும்பங்களைப் பார்த்த பிறகு கொண்டுவந்த சட்டம் அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் கீழ் 2025 பிப்ரவரியில் நீங்கள் விதிமுறை கொண்டுவந்தீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே போக முடியாது. கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன, அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறை செல்லும் என்று சொல்லிவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த விதிமுறையின் பெயரிலேயே ‘ரியல் மணி கேம்ஸ்’ என்று இருக்கிறது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற ஆட்டத்துக்கு மட்டும்தான் அது.

அந்த அக்காவின் மகன் ஆடியதில் பணம் ஜெயிக்க முடியாது. டைமண்டாக மாறிய பணம் மறுபடி பணமாக மாறாது. அதனாலேயே அது சூதாட்டம் இல்லையாம். வீட்டு டப்பாவிலிருந்து போன பணம் எந்த வழியிலும் திரும்பி வராது என்பதுதான் அந்தத் தாய்க்கு நேர்ந்த நஷ்டம். கம்பெனிக்கோ அதுவே கவசமாக நிற்கிறது. ரம்மியிலாவது நூற்றில் ஒருத்தன் ஜெயித்தேன் என்று வந்து நிற்பான்.

கேமுக்குள் காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கடையை மூடிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து கேம் சிடி வாங்குகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. ஆட்டம் இலவசம், ஆசைப்பட்டவன் மட்டும் சட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டால்தான் தறிக்காரர் மகனும் டாக்டர் மகனும் ஒரே டீமில் ஆடுகிறார்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை, கொடுக்கிற கொஞ்சம் பேர்தான் எல்லோருக்கும் சேர்த்துச் செலவைத் தாங்குகிறார்கள். அந்தக் கொஞ்சம் பேருக்குத் தொழிலில் ‘திமிங்கிலம்’ என்று பெயராம். எங்கள் ஊர்த் திமிங்கிலம் முப்பத்தைந்து கிலோ இருப்பான், மீசை இன்னும் அரும்பவில்லை.

2006-இல் ஆப்லிவியன் என்ற கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்ததாம். இல்லாத குதிரைக்கு எதற்குக் கவசம் என்று. இன்றைக்குப் பார்த்தால் அது நாணயமான வியாபாரம். விலை தெரியும், எது வரும் என்று தெரியும். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் போகலாம். அப்படி விற்பதை எதிர்த்து நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

நான் எழுதுவது கேமுக்குள் டைமண்ட் கொடுத்துச் சுற்றும் பரிசுச் சக்கரத்தை எதிர்த்து. அந்தப் பையன் என்னதான் செய்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அந்த கேமை ஏற்றி ஆடிப் பார்த்தேன். சக்கரத்தில் பத்துப் பரிசு. வேண்டாத இரண்டை நீங்களே எடுத்துவிடலாம். ‘பார், எவ்வளவு நல்லவர்கள்’ என்று தோன்றும். மீதி எட்டு. ஒரு தடவை வந்த பரிசு மறுபடி வராது. ஆக, எட்டாவது சுற்றுக்குள் சட்டை வந்தே தீரும். முதல் சுற்றுக்கு 9 டைமண்ட். எங்கள் கடைக் கணக்கில் ஏழு ரூபாய்ச் சொச்சம், ஒரு டீகூடக் கிடையாது. அடுத்தது 19. பிறகு 39, 69, 99, 149, 199. கடைசிச் சுற்று 499. எனக்கு முதல் ஏழு சுற்றில் வந்தது ஏதோ டோக்கன், கூப்பன், யாரும் சீண்டாத ஒரு பை. ஏழு சுற்றுக்கு 583 டைமண்ட் போயிருந்தது. சக்கரத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கட்டம், அதில் சட்டை, உறுதியாக வரும். அந்த இடத்தில் கையை எடுக்கிறவன் யார்? நாற்பது வயது தாண்டிய நானே எடுக்கவில்லை. கடைசி ஒரு சுற்றின் விலை முதல் ஆறு சுற்றின் விலையைக் கூட்டினாலும் அதைவிட அதிகம் என்பதைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்த பிறகுதான் கண்டேன். மொத்தம் 1,082.

அடுத்த தந்திரம் இன்னும் நுட்பம். எண்பது ரூபாய்க்கு 100 டைமண்ட் என்றால் 1,082-க்குப் பதினோரு பாக்கெட் வாங்க வேண்டும், 880 ரூபாய். 18 டைமண்ட் மிஞ்சும். அடுத்த வாரம் புதுச் சக்கரம் வரும். முதல் சுற்று அதே 9, கையில் இருப்பதே போதும். சுற்றியாயிற்று, இப்போது மிச்சம் 9. இரண்டாவது சுற்றுக்கு 19. பத்து குறைகிறது. உடனே பையன் என் கடைக்கு வருகிறான்.

ரூபாயிலேயே போட்டிருந்தால் இத்தனையும் அவனுக்கே தெரிந்திருக்கும். ‘கடைசிச் சுற்று நானூறு ரூபாய்’ என்று பொத்தானில் எழுதியிருந்தால் கை நடுங்கியிருக்கும். நானூறு ரூபாய் என்றால் என்னவென்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், 499 டைமண்ட் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. இதை அமெரிக்காவிலும் கண்டுகொண்டிருக்கிறார்கள். கென்ஷின் இம்பாக்ட் கேமை அங்கே நடத்தும் கம்பெனி மேல் அவர்களுடைய வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. உண்மையான செலவு தெரியாதபடி ஒரு நாணயத்தை இன்னொரு நாணயமாக, அதை வேறொன்றாக மாற்ற வைத்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல், உள்ளே எது வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டியை விற்கக் கூடாது என்றும் உத்தரவு.

இதெல்லாம் ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். எங்கள் கடைக்கு இது மிகப் பழசு. தொண்ணூறுகளில் அப்பாவின் பெட்டிக்கடையில் பரிசு அட்டை தொங்கும். கால் ரூபாய் கொடுத்து ஒரு சீட்டு கிழித்தால் உள்ளே ஒரு நம்பர். நம்பருக்கு ஏற்ற பரிசு, பெரும்பாலும் ஒரு சின்ன பலூனோ சூயிங்கம்மோ. அட்டையின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் வாட்ச் பளபளவென்று கட்டியிருக்கும். அட்டை முழுக்கக் கிழிந்து முடிகிற வரைக்கும் அந்த வாட்ச் அங்கேயேதான் இருக்கும். ஏனென்றால் வாட்ச் நம்பர் இருக்கிற சீட்டை அப்பா முதல் நாள் ராத்திரியே கிழித்து எடுத்து வைத்துவிடுவார். அந்தச் சீட்டை எது என்று தேடிக் கொடுத்தவன் நான்தான், பத்து வயதில். லாட்டரிச் சீட்டும் விற்றார். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி நின்றபோது மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கொரியாவில் நடந்ததைப் படித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. மேப்பிள் ஸ்டோரி என்று அங்கே பெயர்பெற்ற ஒரு கேம், நெக்ஸான் என்ற பெரிய கம்பெனி நடத்துவது. ஆயுதத்தின் சக்தியைக் குலுக்கி மாற்றுகிற ‘கியூப்’ ஒன்றைக் காசுக்கு விற்றார்கள். 2010-இல் விற்க ஆரம்பித்து, அந்த வருடமே எல்லோரும் ஆசைப்படுகிற சக்தி வருகிற வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து சில சேர்க்கைகள் வரவே வராதபடி செய்துவிட்டு, அதையும் சொல்லாமல் 2021 வரைக்கும் விற்றார்கள். 2024 ஜனவரியில் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 1,160 கோடி வொன் அபராதம் போட்டது. எங்கள் வீட்டில் முதல் நாள் ராத்திரி நடந்ததை அங்கே கம்ப்யூட்டரில் பத்து வருடம் நடத்தியிருக்கிறார்கள். அப்பாவின் திருட்டில் தெருப் பிள்ளைகளுக்குப் போனது நாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் இருக்கும். அதுவும் ஒரே பையன் நாலு தடவைக்கு மேல் கிழித்தால் “போடா வீட்டுக்கு” என்று விரட்டிவிடுவார், அவன் அப்பனைத் தெரியும் என்பதால்.

எல்லா நாட்டிலும் இது தீர்ந்துவிட்டது என்று கதை விடவில்லை. பெல்ஜியம் 2018-இல் இந்தப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று சொல்லி நிறுத்தியது. பக்கத்து நாடான நெதர்லாந்தில் இ.ஏ. என்ற கேம் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள், 2022-இல் அங்குள்ள உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ‘சூதாட்டமா இல்லையா’ என்று கேட்டால் இப்படித்தான் ஒரு ஊரில் ஆம், ஒரு ஊரில் இல்லை என்று போகும். சூதாட்டமோ இல்லையோ, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை விற்கலாமா என்று கேளுங்கள். பதினெட்டு ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே தீர்ப்பு இருக்கிறது. அப்படியென்றால் என் கடை வாசலில் அந்தப் பையன் 28 தடவை செய்தது என்ன?

டெல்லியில் 2025 ஆகஸ்டில் போட்ட சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. அதில் பணயம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்குகிற காயின், டோக்கன், எந்தப் பெயர் வைத்தாலும், அது மெய்நிகராக இருந்தாலும் பணயம்தான் என்கிறது. ஜெயிப்பதும் பணமாக மட்டும் இருக்க வேண்டும் என்று இல்லை. அப்படியானால் டைமண்ட் போட்டு நெருப்புச் சட்டை ஜெயிப்பது எந்தப் பக்கம்? நான் வக்கீல் இல்லை, எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டால் பதில் வரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்பு என்று பதின்மூன்று வகையைப் பட்டியல் போட்டது, பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது அதில் ஒன்று. ‘இன்னும் 2 மணி 14 நிமிடம்தான்’ என்று சக்கரத்துக்கு மேலே ஓடும் கடிகாரம் முடிந்து, மறு வாரமே அதே சட்டை வேறு பெயரில் வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் கையில் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நம் மாநிலச் சட்டத்தின் 5(2) பிரிவு இணையவழி விளையாட்டுக்கு நேர வரம்பு, பண வரம்பு, வயது வரம்பு வைக்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுக்கிறது. அதை வைத்துத்தான் ரம்மிக்கு வரம்பு போட்டீர்கள். மத்தியச் சட்டம் வந்த பிறகு எது உங்கள் பாடு, எது டெல்லியின் பாடு என்ற சிக்கல் இருக்கலாம். அதைத் தீர்த்துக்கொள்ள உங்களிடம் அதிகாரிகள் இருக்கிறார்கள், எங்களிடம் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டைமண்டோ காயினோ, பொத்தான் மேல் ரூபாயில் விலை எழுதச் சொல்லுங்கள். எது வரும் என்று தெரியாமல் காசு வாங்குகிற சக்கரத்தையும் பெட்டியையும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்டவே கூடாது என்று ஆக்குங்கள். சட்டையை நேராக விலை போட்டு விற்கட்டும், பையன்கள் சேர்த்து வைத்து வாங்கிக்கொள்வார்கள். வரம்பு வைக்கிறோம் என்று கம்பெனியே சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே 2021-இல் பி.ஜி.எம்.ஐ. என்ற கேம் வந்தபோது பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் செலவு வரம்பு வைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். தறிக்குப் போகும் எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டால் முதலில் மாதத்துக்கா என்றுதான் கேட்பார்கள்.

தெரியாமல் போன பணத்தைத் திருப்பிக் கேட்கத் தமிழில் ஓர் இடம் வேண்டும். அந்த அக்காவுக்காக நான் கேமின் உதவிப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பதிலும் ஆங்கிலத்தில் வந்தது: கோடு போட்டு வாங்கியதைத் திருப்ப இயலாது, புரிதலுக்கு நன்றி.

கடைசியாக, என்னையும் கட்டுப்படுத்துங்கள். ‘பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்ற போர்டு என் கடையின் பழைய பாதியில் தொங்குகிறது. அது இருப்பதால்தான் “அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று வருகிற பையனிடம் போர்டைக் காட்டி அனுப்ப முடிகிறது. கோடு விஷயத்தில் எனக்கு அந்த வசதி இல்லை. பங்குனிக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடு எடுத்துத் தருவதை நிறுத்திவிட்டேன். இரண்டு கடை தள்ளி இருக்கிறவர் தருகிறார், ஐந்துக்குப் பதில் பத்து வாங்கிக்கொண்டு. அவரும் கெட்டவர் இல்லை, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவர். நான் ஒருத்தன் நிறுத்தினால் பையன்கள் கூடுதலாக இருபது அடி நடக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் ஒரே போர்டு வந்தால்தான் நிற்கும்.

போர்டு அடிக்கும்போது தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அடியுங்கள். மில்லிலும் சாயப்பட்டறையிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்களும் சனிக்கிழமை ராத்திரி கூலியோடு நேராகக் கோடு வாங்கத்தான் வருகிறார்கள். வயது கேட்டால் எல்லோருமே பதினெட்டு என்கிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளிபாளையத்து ரீசார்ஜ் கடைக்காரன்